செக்கப்புக்குப் போகும் முன்: எதைச் சொல்வது, யார் முன்னால் சொல்வது

58 வயது அம்மா ஒருவர் சுகரும் பிரஷரும் பார்த்துக்கொண்டு போக வந்திருந்தார். எங்கள் ஓ.பி.யில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. டாக்டர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த இரண்டு டோக்கன்காரர்களை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவோம். நேரம் மிச்சம் என்று நினைப்பு. அந்த அம்மா டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது, கை எட்டும் தூரத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தான். "வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்று எழுந்து வந்துவிட்டார். ஊசி போடும் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்: "தீட்டு நின்னு 6 வருஷம் ஆச்சு சிஸ்டர். இப்ப ரெண்டு மாசமா லேசா படுது."

மாதவிலக்கு நின்றுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே பார்க்க வேண்டும். நான் அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய், பையனை வெளியே உட்காரச் சொன்னேன். சோதித்ததில் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்று. ஆரம்ப நிலை என்பதால் ஆபரேஷனோடு சரியானது.

டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அந்த அம்மாவுக்கும் மறைக்கும் எண்ணம் இல்லை. பக்கத்து ஸ்டூலில் ஆள் இருந்ததால் பதில் வரவில்லை.

17 வருடம் ஓ.பி.யில் நர்ஸாக இருந்ததில் எனக்குப் பட்டது இதுதான்: டாக்டரிடம் முழு உண்மையைச் சொல்ல வேண்டும், அது வேறு யார் காதில் விழலாம் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். நம் ஆஸ்பத்திரிகளில் தனிமையை யாரும் தானாகத் தர மாட்டார்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல்தான் பலர் வாயை மூடிக்கொண்டு வருகிறார்கள். முதன்முறையாக செக்கப்புக்குப் போகிறவர்களுக்காக, வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து ரிப்போர்ட் கைக்கு வருவது வரை வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

முதலில் போன் நம்பர். பதிவு செய்யும்போது கொடுக்கிற நம்பருக்குத்தான் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வரும், அடுத்த செக்கப்புக்கு ஞாபகப்படுத்தும் குறுஞ்செய்தியும் வரும். பெண்கள் பலர் யோசிக்காமல் கணவர் நம்பரையோ அண்ணன் நம்பரையோ கொடுத்துவிடுகிறார்கள். பெரியவர்கள் மகன் நம்பரைக் கொடுக்கிறார்கள். அவர்கள் பார்த்தால் பரவாயில்லை என்றால் சரி. இல்லையென்றால் சொந்த நம்பரைக் கொடுங்கள். ஏற்கெனவே போன ஆஸ்பத்திரி என்றால் பழைய நம்பரே பதிவில் இருக்கும், மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது, ஒரு சீட்டு. வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரியில் எழுதி, மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பேசாமல் நீட்டலாம். நான் சொல்லிக்கொடுத்தவற்றில் அதிகம் பேருக்கு உதவியது இந்தச் சீட்டுதான். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள். அது தைராய்டு பரிசோதனை முடிவைத் தப்பாகக் காட்டக்கூடும். நாட்டு மருந்து, லேகியம், பற்பம், செந்தூரம் எதுவானாலும் சொல்ல வேண்டும். டாக்டர் திட்டுவார் என்று மறைக்கிறார்கள். திட்டினாலும் பரவாயில்லை. ஈரலோ சிறுநீரகமோ காட்டும் எண் ஏறியிருந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்கப் போவது அவர்தான்.

பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போன பிறகு கேட்டால் காத்திருக்கச் சொல்வார்கள்.

கவுன்டரில்

பெயர், வயது, முகவரி, போன் நம்பர் கேட்பார்கள். அப்புறம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சத்தமாக "என்ன ப்ராப்ளம்?" என்று ஒரு கேள்வி வரும். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். எந்த டாக்டரிடம் அனுப்புவது என்று தெரிந்துகொள்ளத்தான் அதைக் கேட்கிறார்கள். அதனால் டாக்டரின் பிரிவை மட்டும் சொன்னால் போதும்: "மகப்பேறு டாக்டரைப் பார்க்கணும், மத்ததை அவங்ககிட்ட சொல்லிக்கிறேன்." "தோல் டாக்டர்." "பொது செக்கப்." அதற்கு மேல் கவுன்டரில் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் போன்றவற்றில் சிகிச்சை எடுப்பவர்களுக்கு அட்டை விவரங்கள் தேவைப்படும். காசு கட்டிப் பார்க்கும் சாதாரண செக்கப்புக்கு ஆதார் நகல் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். 14 இலக்க ஆபா எண் உருவாக்கித் தரவா என்று இப்போது பல இடங்களில் கேட்கிறார்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்க உதவுகிற எண் அது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் "இப்ப வேண்டாம்" என்று சொன்னால் போதும்.

எடை, உயரம், பிரஷர் பார்க்கிற இடத்தில் எடையை உரக்கப் படிப்பார்கள். "வாய்விட்டுச் சொல்லாம எழுதிக்கங்க சிஸ்டர்" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிரஷர் பார்க்கும் முன் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள், பட்டை இறுகும்போது பேசாதீர்கள். பேசினால் எண் ஏறும்.

டாக்டர் அறையில் யார் இருக்கலாம்

பக்கத்து ஸ்டூலில் அடுத்த டோக்கன் உட்கார்ந்திருந்தால், உட்காரும் முன்பே நின்றபடி சொல்லுங்கள்: "டாக்டர், கொஞ்சம் தனியாப் பேசணும். இவங்க ரெண்டு நிமிஷம் வெளியே இருக்கட்டும்." இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் நாலு முறை சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். மறுத்த டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்ட நோயாளிகளைத்தான் மிகக் குறைவாகப் பார்த்திருக்கிறேன்.

சொந்தக்காரர்களை அனுப்புவது இதைவிடக் கஷ்டம். மாமியாரிடம் "வெளியே இருங்க அத்தை" என்று எந்த மருமகள் சொல்வாள்? சொன்னால் வீட்டுக்குப் போன பிறகு அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டிவரும். அந்த வேலையை நர்ஸிடம் விட்டுவிடுங்கள். எடை பார்க்கும் இடத்தில், கூட வந்தவர் பில் கட்டப் போயிருக்கும் நேரத்தில், காதோடு சொல்லுங்கள்: "சிஸ்டர், டாக்டர் பார்க்கும்போது கூட வந்தவங்களை வெளியே இருக்கச் சொல்லுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க." நாங்கள் "பேஷன்ட் மட்டும் உள்ளே வாங்க, இங்க இதுதான் ரூல்" என்று கதவருகே நின்று சொல்லிவிடுவோம். பழி எங்கள் மேல் போகட்டும்.

மகனோடு வரும் அப்பாக்களுக்கும் இதே வழிதான். வாலிப வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: டாக்டர் "5 நிமிஷம் தனியாப் பேசுறேன்" என்றால் கோபப்படாமல் எழுந்து போங்கள். உங்களிடம் சொல்லாததை அந்தப் பிள்ளை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால், டாக்டரைவிட நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

வீடு தேடி வருகிறவர்களிடமும் இது பொருந்தும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து சுகர், பிரஷர் பார்க்க தன்னார்வலர்கள் வாசலுக்கே வருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் தெருத்திண்ணையில் நின்றபடி கேள்வி கேட்டால் எதிர்வீட்டுக்கும் கேட்கும். "உள்ளே வாங்கம்மா, தண்ணி குடிச்சுட்டுப் பேசலாம்" என்று கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் வெளியே சொல்லலாமா?

கூடாது. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள், நோயாளி நம்பிச் சொன்ன சொந்த விஷயத்தையும் குடும்ப விஷயத்தையும் டாக்டர் வெளியிடக் கூடாது என்கின்றன. கணவர், பெற்றோர், வேலை கொடுத்தவர் யார் கேட்டாலும் இதுதான் நிலை. மூன்று விலக்குகள் உண்டு: நீதிமன்றம் உத்தரவிட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருந்தால், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தால். காசநோய் அப்படிப்பட்டது; 2012 முதல் தனியார் டாக்டர்களும் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவானால்தான் மருந்தும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகையும் வரும். ஆகவே சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்தால் டாக்டர் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளைக்கு உடலுறவு நடந்திருப்பது தெரியவந்தால், அது இருவரும் விரும்பி நடந்ததாகவே இருந்தாலும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி டாக்டர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவள் பெயரையும் அடையாளத்தையும் அந்தத் தகவலில் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இது தெரியாததால் பயந்துகொண்டு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கோடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து டாக்டரிடம் வாருங்கள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

பெண்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் அதிகக் குழப்பம் தருவது இது. டாக்டருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, உங்களுக்கு உடலுறவு நடந்திருக்கிறதா என்பது. அதை நேராகக் கேட்கத் தயங்கிக் கல்யாணத்தைக் கேட்கிறார்கள். "இல்லை" என்று நீங்கள் சொல்வது கல்யாணத்துக்கான பதில். அவர் அதை மற்றதற்கும் சேர்த்து எழுதிக்கொள்கிறார். பிறகு கர்ப்பப் பரிசோதனை செய்ய மாட்டார், உள்வழி ஸ்கேன் எழுத மாட்டார், தொற்றைப் பற்றி யோசிக்க மாட்டார். அடிவயிற்று வலி கேஸ் தொந்தரவு ஆகிவிடும். கருக்குழாயில் கரு தங்கியிருந்தால் அது உயிர்போகும் தவறு.

ஒருநாள் 26 வயதுப் பெண் ஒருத்தி, சித்தியோடு வந்தாள். நாள் தள்ளிப்போயிருந்தது. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று டாக்டரம்மா கேட்டதும் சித்தி முந்திக்கொண்டு, "இன்னும் இல்ல மேடம், பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்றார். அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, மருந்து அட்டைகளோடு சேர்த்து மேசையில் வைத்தாள். டாக்டரம்மா படித்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, சித்தியிடம், "ஒரு யூரின் டெஸ்ட் எடுக்கணும், நீங்க கவுன்டர்ல பில் போட்டுட்டு வந்துடுங்க" என்றார். கதவு சாத்தியதும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, "இப்ப சொல்லும்மா" என்றார்.

நான் பார்த்த நல்ல டாக்டர்களில் அவர் ஒருவர். ஆனால் அந்தச் சீட்டு இல்லையென்றால் அவராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. தனியாகப் போகிறவர்கள் சீட்டு இல்லாமலே சொல்லலாம்: "கல்யாணம் ஆகலை டாக்டர். ஆனா உறவு இருந்திருக்கு." முகம் சுளிக்கிற டாக்டரும் இருக்கிறார். அங்கே சண்டை போடத் தேவையில்லை, வேறு டாக்டரிடம் போய்விடுங்கள். பதிலை மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பெண்கள் செக்கப் பேக்கேஜில் "மேரீட்", "அன்மேரீட்" என்று இரண்டு பெட்டி போடுவதை விட்டுவிடலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை யாருக்குத் தேவை என்பதைத் தாலி சொல்லாது. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்தப் பரிசோதனை இலவசம்.

மற்ற கேள்விகள்

"கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" பழைய டாக்டர்கள் இப்படித்தான் கேட்பார்கள். தலைக்குக் குளித்த நாளைக் கேட்கிறார் என்று நினைத்து "நேத்து வெள்ளிக்கிழமை" என்று பதில் சொன்ன பெண்கள் உண்டு. கேட்பது மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளை. எக்ஸ்ரே எடுக்கலாமா, எந்த மாத்திரை கொடுக்கலாம் என்பதெல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான். தோராயமாகச் சொல்லாமல் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"எத்தனை தடவை உண்டானீங்க? கலைஞ்சது உண்டா?" இதைக் கேட்டபின் டாக்டர் சீட்டில் ஜி, பி, எல், ஏ என்று எழுத்தும் எண்ணும் போடுவார். ஜி என்றால் மொத்தம் எத்தனை முறை கருவுற்றீர்கள், பி பிரசவம், எல் உயிரோடு இருக்கும் குழந்தை, ஏ கலைந்தது அல்லது கலைத்தது. ஆர்.எச். நெகட்டிவ் ரத்தம் உள்ளவர்களுக்கு முன்பு கரு கலைந்திருப்பது அடுத்த குழந்தையைப் பாதிக்கலாம் என்பதால் இது முக்கியம். ஆனால் அந்தச் சீட்டு உங்கள் வீட்டுக்கு வரும். குடும்பத்தில் ஒரு நர்ஸோ மருந்தாளுநரோ இருந்தால் ஒரு பார்வையில் படித்துவிடுவார்கள். ஆகவே சொல்லும்போதே கேளுங்கள்: "இதை எங்க எழுதுவீங்க டாக்டர்? வீட்டுக்குக் கொண்டுபோற சீட்டுல வரணுமா?" ஆஸ்பத்திரிப் பதிவில் மட்டும் எழுதிக்கொள்ள வழி இருந்தால் செய்வார்கள். கருக்கலைப்பு செய்துகொண்டவரின் பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதிக்காதவரிடம் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் சொல்கிறது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து சட்டத்தில் இல்லை.

ஆண்களுக்கு வருவோம். "தண்ணி போடுவீங்களா?" என்று கேட்டால், மனைவி பக்கத்தில் நின்றால், பதில் "எப்பவாவது, கல்யாணம் காட்சின்னா." குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த ஒருவர் மகளும் சம்பந்தியும் முன்னால் இருந்ததால் பழக்கமே இல்லை என்று சொல்லிவிட்டார். வார்டில் சேர்ந்த மூன்றாம் நாள் ராத்திரி கை உதறத் தொடங்கியது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். தினமும் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் இப்படி வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்துத் தடுத்திருக்கலாம். குடித்தவர் என்று யாரும் வைத்தியத்தை மறுக்க மாட்டார்கள். தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது என்று டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

ஆண்மைக்காகச் சாப்பிடும் மாத்திரை இன்னும் முக்கியம். சில்டனாஃபில் போன்ற மாத்திரை சாப்பிட்டவருக்கு நெஞ்சுவலி என்று நாக்குக்கடியில் சார்பிட்ரேட் வைத்தால் பிரஷர் அடியோடு இறங்கிவிடும். ஆளே போய்விடலாம். அதை மகன் முன்னால் சொல்ல யாருக்கும் வாய் வராது. சீட்டில் மாத்திரையின் பெயரையும் சாப்பிட்ட நாளையும் எழுதி நீட்டுங்கள்.

தூக்கம் எப்படி, மனசு எப்படி, சாகலாம் என்று தோன்றியதுண்டா என்றும் இப்போது கேட்கிறார்கள். சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில் மறைக்கிறார்கள். எண்ணம் வந்தது என்று சொல்வது எந்தக் குற்றமும் ஆகாது. முயற்சி செய்தவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். மனநலச் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை பொறுக்க முடியாவிட்டால் 14416க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி உதை இருந்தால், கைக்காயத்தைப் பார்த்து டாக்டர் கேட்பதற்குக் காத்திருக்காமல் தனியாக இருக்கும்போது சொல்லிவிடுங்கள். 181 பெண்களுக்கான உதவி எண்.

பதில் சொல்ல வேண்டாத கேள்விகளும் உண்டு. "நீங்க என்ன ஆளுங்க?" "சம்பளம் எவ்வளவு?" "வயசாகுதே, ஏன் இன்னும் பிள்ளை பெத்துக்கல?" பிள்ளைப்பேறு சிகிச்சைக்குப் போகாதவரிடம் கடைசிக் கேள்விக்கு வேலையே இல்லை. கோபப்படாமல் ஒன்று கேளுங்கள்: "இது எதுக்கு டாக்டர் தெரியணும்?" காரணம் இருந்தால் ஒரு வரியில் சொல்வார். தொழிலைக் கேட்பதற்குக் காரணம் உண்டு; நூற்பாலைத் தூசியும் வெல்டிங் புகையும் நுரையீரலில் தங்கும். சாதிக்கு அப்படி ஒரு காரணம் ரத்தப் பரிசோதனையில் இல்லை.

பரிசோதனை, ஸ்கேன், ரத்தம்

ஆண் டாக்டர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் அறையில் இருக்க வேண்டும். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் கொண்டுவந்த நோயாளி உரிமைப் பட்டியலிலும் இது இருக்கிறது. யாரும் இல்லையென்றால் "ஒரு சிஸ்டரைக் கூப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படுங்கள். எந்த இடத்தைப் பார்க்கிறார்களோ அந்த இடத்து ஆடையை மட்டும் விலக்கினால் போதும். திரை இருந்தால் இழுக்கச் சொல்லுங்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மாணவர்கள் சுற்றி நிற்பார்கள். அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள்தான், பெரும்பாலோர் பணிவான பிள்ளைகள். இருந்தாலும் கூச்சமாக இருந்தால் "இன்னைக்கு வேண்டாம் டாக்டர்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, அதற்காக வைத்தியம் நிற்காது. போனில் படம் எடுக்க உங்கள் அனுமதி வேண்டும்.

கர்ப்பகால ஸ்கேனில் கணவர் அல்லது அப்பா பெயர், முகவரி, ஏற்கெனவே எத்தனை ஆண் குழந்தை, எத்தனை பெண் குழந்தை, வயது என்னென்ன என்று கேட்பார்கள். வம்புக்காக என்று நினைக்க வேண்டாம். சிசுவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் படிவம் 'எஃப்' அதைக் கேட்கிறது. பாலினம் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். 2017இல் நிறைவேறிய சட்டம் அப்படிச் சொல்கிறது; முடிவை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியிடவும் கூடாது. பேக்கேஜில் அது சேர்ந்திருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துக் கேளுங்கள். தனியாகப் பார்த்துக்கொள்ள விரும்பினால் அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்ற பலகை இருக்கும். பரிசோதனை இலவசம், முன்னும் பின்னும் ஆலோசகர் தனியறையில் பேசுவார்.

வேலைக்குச் சேரும் முன் கம்பெனி அனுப்பும் செக்கப் வேறு விஷயம். காசு கொடுப்பவர் கம்பெனி, அதனால் ரிப்போர்ட் அங்கேதான் போகும். கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி: "முழு ரிப்போர்ட் போகுமா, தகுதிச் சான்று மட்டும் போகுமா?" சான்று மட்டும் போதும் என்று கேட்டுப் பார்க்கலாம். எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக வைப்பதை 2017 சட்டம் தடுக்கிறது. மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது மட்டும், ஏற்கெனவே இருக்கும் நோயை மறைக்காதீர்கள். பிறகு பணம் கிடைக்க வேண்டிய நேரத்தில் அதையே காரணம் காட்டுவார்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு

லேப் கவுன்டரில் பெயரைச் சொன்னால் யார் கையிலும் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடுவது இன்னும் நடக்கிறது. ரத்தம் கொடுக்கும்போதே "நானே வந்து வாங்கிக்கிறேன், வேற யாருகிட்டயும் கொடுக்காதீங்க" என்று சொல்லி, பில்லில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம் என்றால் அதையும் சொல்லலாம். மருந்துக்கடையில் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று சத்தமாகச் சொல்லும்போது "அட்டையிலேயே எழுதிக் கொடுத்துடுங்கண்ணா" என்றால் முடிந்தது.

உங்கள் மருத்துவப் பதிவை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. சொன்ன ரகசியம் வெளியே போய்விட்டது என்றால் முதலில் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள், அரசு ஆஸ்பத்திரியில் நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ.விடம். டாக்டரே சொன்னது என்றால் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்குப் போன் செய்து கேளுங்கள். தேதி, நேரம், யார் சொன்னார், யார் முன்னால் சொன்னார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து ஞாபகம் இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை பாக்கி. எக்ஸ்ரேயும் ஃபைலும் போட்ட ஆஸ்பத்திரிப் பையை நம்மில் பலர் ஹாலில் ஆணியில் மாட்டி வைக்கிறோம், பெயரும் பிரிவும் வெளியே தெரிகிற மாதிரி. வருகிறவர் போகிறவர் எல்லாரும் எடுத்துப் பார்ப்பார்கள். அதை எடுத்து பீரோவில் உங்கள் துணிக்கு அடியில் வையுங்கள். அவசரத்துக்கு யார் எடுக்க வேண்டுமோ, அவர் ஒருவரிடம் மட்டும் எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.